ஜீப்பு வாங்கப் போய் மண்ணில் படுத்த கதை

சத்துவாச்சாரியில் எனக்கு பம்புசெட் மோட்டாருக்கு காயில் கட்டும் கடை. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே பேரிங் போயிருக்கிறதா, ரோட்டார் உரசுகிறதா என்று சொல்லிவிடுவேன். இந்தக் காதை நம்பித்தான் பழைய ஜீப் வாங்கக் கிளம்பினேன். பதினைந்தாயிரம் ரூபாய் போன பிறகுதான் கண்ணுக்கும் முதுகுக்கும் வேலை கொடுத்தேன்.

ஆசை பழையது. பாட்டி ஊர் அணைக்கட்டுப் பக்கம். சின்ன வயதில் ஒடுகத்தூர் சந்தையில் நின்றால் பீஞ்சமந்தை மலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பார்க்கலாம். உள்ளே புளி மூட்டை, சாமை மூட்டை, ஆட்டுக்குட்டி. மேலே ஆள், பின்னால் தொங்கிக்கொண்டு ஆள். பாறையும் பள்ளமுமான பாதையில் அது முனகிக்கொண்டே ஏறும். அதை ஒருநாள் நாமும் ஓட்டணும் என்று வந்த ஆசை நாற்பத்தாறு வயதிலும் போகவில்லை. வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி: "நான் எப்படிடா அதுல ஏர்றது?"

பழைய 4x4, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்று நம் பக்கம் தேடினால் மூன்று வகை கிடைக்கும். ஒன்று, வயதான அமெரிக்க வில்லிஸ் கம்பெனி வம்சம். மஹிந்திரா கம்பெனி 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்க ஆரம்பித்து, பிறகு சிஜே3பி என்ற உயர்ந்த பானெட் வண்டியைப் பல வருஷம் போட்டது. உள்ளே இருந்த ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினில் ஒரு வால்வு வரிசை தலைக்கு மேல் போனதால் இன்ஜின் உயரமானது. அதை மூட பானெட்டைத் தூக்கினார்கள், அவ்வளவுதான் அந்த அழகின் ரகசியம். இரண்டாவது, எம்எம்540 முதலான டீசல் ஜீப்புகள். மூன்றாவது மாருதி ஜிப்ஸி, 1985-ல் வந்தது, பெட்ரோல். ஜிப்ஸி எடை குறைவு, மலையில் ஆடு மாதிரி ஏறும். ஆனால் எனக்கு எம்எம்540-ல் இருக்கும் 2,112 சிசி பெஜோ டீசல் இன்ஜின் சத்தம்தான் வேண்டும். காதுக்காரன் புத்தி.

முதல் வண்டி பேரணாம்பட்டுப் பக்கம். மிலிட்டரி பச்சை பெயின்ட், முன்னால் வின்ச், பெரிய டயர். சாவியைத் திருப்பினதும் பிடித்துக்கொண்டது. நல்ல சத்தம். நான் அங்கேயே மனசுக்குள் மாலை போட்டுவிட்டேன். நல்ல வேளை, அன்று கொணவட்டத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் பாய் கூட வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், பாதி ஆயுசை ஜீப்புக்கு அடியில் கழித்தவர். அவர் இன்ஜினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்தார். பழைய ஸ்பீக்கரில் கழற்றியதாம். கதவோரம் வைத்தார், ஒட்டியது. டிரைவர் சீட்டுக்குக் கீழே, தரைக்கு அடிப்பக்கமாக வைத்தார், நழுவி விழுந்தது. பின்சக்கரத்துக்கு மேலே வளைவில் வைத்தார், அங்கேயும் விழுந்தது.

"இன்னா தம்பி, பெயின்ட்ட வாங்கப் போறியா, வண்டிய வாங்கப் போறியா? இங்க தகடே இல்ல, பட்டிதான் கீது." ஓட்டையை அடைத்துப் பூசும் பசைதான் பட்டி. காந்தம் அதில் ஒட்டாது.

உள்ளே விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கி ஸ்குரூ டிரைவரால் குத்தினார். அது நேராகத் தரையைப் பார்த்துப் போனது. சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தின் ஓரத்தைச் சுரண்டினால் அப்பளம் மாதிரி ஏடு ஏடாக வந்தது. கடல் காற்று படாத நம்ம ஊரில் ஒரு ஜீப் ஏன் இப்படித் துருப்பிடிக்க வேண்டும்? பக்கத்து டீக்கடையில் கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. வண்டி பல வருஷம் மண்டியிலிருந்து தோல் ஏற்றியிருக்கிறது. பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் அடுக்குவார்கள். அந்த உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தகடு கரைந்துவிடும். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் வண்டி பார்க்கிறவர்கள், ஓடின கிலோமீட்டருக்கு முன்னால் அது என்ன சுமந்தது என்று கேளுங்கள். பாலாற்றில் மணல் டிரெய்லர் இழுத்த வண்டியாக இருந்தால் பாடி நன்றாக இருக்கும். பின் ஆக்ஸிலும் கிளட்சும் செத்திருக்கும்.

டயரையும் பாய் விடவில்லை. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். அதில் 3214 என்று இருந்தது. 2014-ம் வருஷம் 32-வது வாரம் செய்தது என்று அர்த்தம். பாலிஷ் போட்டால் பத்து வருஷ டயரும் பளபளக்கும்.

இரண்டாவது வண்டிக்கு பாயைக் கூப்பிடவில்லை. அவருக்கு அன்று வேறு வேலை, எனக்கோ அவசரம். குடியாத்தத்தில் ஒரு புரோக்கர், டிஎன் நம்பர் வருவதற்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர் சிஜே3பி. பாடி கல்லு மாதிரி இருந்தது. காந்தத்தை நானே வைத்துப் பார்த்தேன், எல்லா இடத்திலும் கப்பென்று ஒட்டியது. டீசல் இன்ஜின், சத்தம் தேன். இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வருகிறான் என்றார் புரோக்கர். பதினைந்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஆர்சி புக்கை போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன்.

போட்டோவைப் பாய் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "தம்பி, புக்குல பெட்ரோல்னு கீதே. நீ டீசல்னு சொன்ன?"

மறுநாள் இரண்டு பேரும் போனோம். இன்ஜின் நம்பர் புக்கில் இருப்பது வேறு, பிளாக்கில் இருப்பது வேறு. சேசிஸ் நம்பரைத் தேடி மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால், எழுத்துகள் ஒரே வரிசையில் இல்லை. இரண்டு இலக்கம் மேலேறி நிற்கிறது, சுற்றிலும் தகட்டைக் கிரைண்டரில் தேய்த்த அடையாளம். புரோக்கர் சிரித்தார். "அதெல்லாம் ஆர்டிஓ ஆபீஸ்ல பாத்துக்கலாம் சார்." பாய் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அட்வான்ஸ் வரவே இல்லை. மூன்று தடவை போய்க் கேட்டேன். ரசீது வாங்காதது என் தப்பு.

இதில் சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. இன்ஜின் மாற்றினால் முன்கூட்டியே அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை இறுக்கமாகவே சொல்லிவிட்டது. பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜின் பூட்டியது, 4x2 வண்டிக்கு முன் ஆக்ஸில் சேர்த்து 4x4 ஆக்கியது என்று நம் பக்கம் நிறைய ஓடுகிறது. செய்த வேலை நன்றாகவே இருக்கலாம். ஆனால் புக்கில் ஏறாத வண்டியை வாங்கினால், அடுத்த ஆர்சி ரினீவலுக்குப் போய் நிற்கப்போவது நாம்தான். சேசிஸ் நம்பரில் கை வைத்த வண்டி என்றால் பேச்சே வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும்.

மூன்றாவது வண்டி தானாக வந்தது. மோட்டார் ரிப்பேருக்கு வந்த ஒரு விவசாயி, கம்மவான்பேட்டையில் மிலிட்டரிக்காரர் ஒருவர் ஜீப்பைக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அந்த ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் போன ஊர்.

1994 எம்எம்540. டிஎன் 23 நம்பர். புளியமரத்தடியில் தென்னங்கீற்று ஷெட்டில் நின்றது. பெயின்ட் வெயிலில் வெளுத்து, பானெட்டில் புளியஞ்சருகு. பார்க்கச் சகிக்கவில்லை. பாயின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். "இதுல எவனும் கை வைக்கல தம்பி," என்றார் மெல்ல.

போன உடனே அவர் செய்த முதல் காரியம், பானெட்டைத் தூக்கி இன்ஜின் பிளாக்கில் உள்ளங்கையை வைத்தது. ஜில்லென்று இருந்தது. சூடாக இருந்தால் நாம் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். கஷ்டப்பட்டுப் பிடிக்கிற டீசல் வண்டியைச் சூடாக்கி வைப்பது பழைய வித்தை. வரும் முன் போன் செய்து "ஸ்டார்ட் பண்ணாதீங்க, நாங்க வந்து பண்றோம்" என்று சொல்லிவிடுவது நல்லது. ரேடியேட்டர் மூடியை அப்போதே, ஆறின நிலையில் திறந்து பார்த்தோம். தண்ணீர் துருக்கலர், ஆனால் மேலே எண்ணெய்ப் படலம் இல்லை. இன்ஜின் உள்ளறையைச் சூடாக்கும் ஹீட்டரைப் போட்டு அரை நிமிஷம் பொறுத்து செல்ஃப் அடித்ததும் இரண்டாவது சுற்றில் பிடித்தது. வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து, சூடானதும் நின்றது. வெள்ளை நிற்காமல் வந்தால் கம்ப்ரஷனோ ஹெட் கேஸ்கெட்டோ. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் பம்ப், நாஸில். கறுப்புதான் இருப்பதில் குறைந்த செலவு.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக அந்த வாய் மேலேயே வைத்தார் பாய். மூடி லேசாக நடுங்கியது, துள்ளவில்லை. துள்ளி விழுந்தால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, அதாவது எரிந்த காற்று கீழே கசிகிறது, பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று அர்த்தம். பெஜோ இன்ஜினை முழுசாக இறக்கிச் செய்வதென்றால் செலவு சின்னதாக இருக்காது.

அவ்வளவுதான் இன்ஜினுக்கு அவர் கொடுத்த நேரம், பத்து நிமிஷம். அப்புறம் யூரியா சாக்கை விரித்து அடியில் போனார். "நீயும் வா தம்பி. மேல நிக்கிறவனுக்கு விக்கிறவன் சொல்றதுதான் கேக்கும்." பங்குனி வெயில், வேலூர் வெயில். மண் சுட்டது. அங்கே ஒன்றேகால் மணி நேரம் படுத்துக்கிடந்தோம். அங்கே பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சேசிஸ். சுத்தியலின் மரக்கைப்பிடியால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் கணீரென்றது. இடது பின்பக்கம் ஒரு சாண் அளவுக்கு மந்தமாகக் கேட்டது. அங்கே உள்ளே மண் அடைந்திருந்தது. கம்பியால் குத்திக் கொட்டினோம், மறுபடி தட்டினால் சத்தம் சரியாகிவிட்டது. இந்த இடத்தில் மட்டும் என் காது வேலை செய்தது. ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடத்திலும் முன் ஸ்பிரிங் பட்டை தொங்கும் இடங்களிலும் டார்ச் அடித்து, மயிரிழை விரிசல் இருக்கிறதா, புதிதாக வெல்டிங் வைத்திருக்கிறதா என்று பார்த்தோம். பிறகு ஒரு சணல் கயிறு. முன் இடது ஸ்பிரிங் போல்ட்டிலிருந்து பின் வலது போல்ட்டுக்கு இழுத்து முடிச்சுப் போட்டார். அதே கயிற்றை முன் வலதிலிருந்து பின் இடதுக்கு. முடிச்சு அதே இடத்தில் விழுந்தது. விரல் அகலத்துக்கு மேல் மாறியிருந்தால் வண்டி எங்கோ உருண்டிருக்கிறது. லேசர் கருவி ஒன்றும் வேண்டாம், ஆறு ரூபாய்ச் சணல் போதும்.

அடுத்து, இன்ஜின் சுற்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரோபெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டினார். 'டக் டக்' என்று கொஞ்சம் ஆட்டம். ஷாஃப்ட்டை இணைக்கும் ஜாயிண்ட் கிராஸ் மாற்றணும் என்று என்னைக் குறிக்கச் சொன்னார். சுற்றை இரண்டு சக்கரத்துக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியலின் பிளக்கைக் கழற்றி, உள்ளே இருந்த ஆயிலில் விரலை விட்டுத் துழாவி, வெயிலில் நீட்டிக் காட்டினார். கறுப்பாக, வழவழப்பாக இருந்தது. பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஜிகினா மாதிரி மின்னினால் பல் தேய்கிறது. முன் ஆக்ஸிலும் அப்படியே பார்த்தோம். முன்சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிள் உருண்டையிலிருந்து மட்டும் கிரீஸ் வழிந்திருந்தது, சீல் போயிருக்கிறது.

4x4 வேலை செய்கிறதா என்று பார்க்க அவர் செய்தது எனக்குப் புதுசு. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு சக்கரமும் தரையில் படாமல் முட்டுக் கொடுத்தார். பின்சக்கரத்துக்குக் கல். இன்ஜின் ஆஃப், கியர் போட்டபடி. முன்சக்கரங்களை ஆக்ஸிலோடு சேர்க்கும் இரண்டு ஃப்ரீ வீல் ஹப்பையும் லாக் செய்து, குட்டி லிவரை 4-க்குத் தள்ளிவிட்டு, ஒரு முன்சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றச் சொன்னார். எதிர்ச்சக்கரம் பின்னோக்கிச் சுற்றியது. நடுவில் முன் ஷாஃப்ட் அசையவில்லை. சரி. ஷாஃப்ட்டும் கூடவே சுற்றினால், சுற்றை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் லிவர் பிடிக்கவில்லை. எதிர்ச்சக்கரம் சும்மா நின்றால் ஹப்போ உள் ஆக்ஸிலோ போயிருக்கிறது. பல வண்டிகளில் லிவர் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது என்றார் பாய். வருஷக்கணக்கில் 4x4 போடாமல் ஓட்டினவர்களுக்கே அது தெரியாது.

பிறகு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். மிலிட்டரிக்காரரே பக்கத்தில் உட்கார்ந்தார். அதிகம் பேசாத மனுஷன். முதலில் நாகநதி மணலில் இறக்கி, மெதுவாக அதிக இழுவையோடு ஓடும் 4x4 லோ போட்டோம். சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு ஏறியது. தார் ரோட்டில் 4 போட்டு வளைக்கக் கூடாது. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், உடைவது பல்லாக இருக்கும். சோதனை செய்கிறேன் என்று கடைவீதியில் இதைச் செய்து அடுத்தவன் வண்டியைக் கெடுக்காதீர்கள்.

அமிர்தி தாண்டி மலை ஏறும் ரோட்டில் இரண்டாவது கியரில் ஏற்றினோம். டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேல் போய் நின்றது. ரேடியேட்டர் சர்வீஸ், குறித்துக்கொண்டேன். திரும்பி இறங்கும்போது பாய், "ஆக்சிலேட்டர்லேந்து கால எடு" என்றார். எடுத்தேன். பத்து நொடியில் கியர் லிவர் 'டொக்' என்று தானாக நியூட்ரலுக்குத் துள்ளியது. இறக்கத்தில் இன்ஜின் பிடியே இல்லை, வண்டி உருள ஆரம்பித்தது. வயிறு கலங்கிவிட்டது. பிரேக் பிடித்தது, அது வேறு விஷயம். ஏற்றத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. சமதளத்தில் அறுபதில் போகும்போது ஒரு பள்ளத்தில் விட்டதும் ஸ்டியரிங் கைகளைப் பிடித்து உலுக்கியது. முன்சக்கரம் திரும்ப உதவும் கிங் பின் பேரிங்கும் டை ராடும் தேய்ந்தால் ஜீப்புக்கு வரும் நடுக்கம் இது. வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும்.

"ரெண்டாவது கியர் துள்ளும்னு எனக்குத் தெரியும் தம்பி," என்றார் மிலிட்டரிக்காரர், வீட்டுக்கு வந்ததும். "நீங்க கேக்கலன்னாலும் பணம் வாங்கறதுக்கு முன்னாடி சொல்லியிருப்பேன்." சொல்லியிருப்பாரா என்று தெரியாது. நம்பத்தான் தோன்றியது.

காகிதங்களை ஒரு மஞ்சப்பையில் வைத்திருந்தார். ஒரிஜினல் ஆர்சி. 2009-லிருந்து ஐந்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தது, கடைசியாக 2024-ல். பசுமை வரி கட்டின ரசீது, இன்சூரன்ஸ் எல்லாம் இருந்தது. பேங்க் கடன் அடைத்த கடிதமும் இருந்தது, ஆனால் ஆர்சியில் ஹைப்போதிகேஷன் என்கிற பேங்க் அடமானப் பதிவு இன்னும் நீங்கவில்லை. எத்தனையோ பேர் இதை மறந்துவிடுகிறார்கள். படிவம் 35-ல் பேங்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அதை நீக்கின பிறகுதான் பெயர் மாற்றமே நகரும். பேங்க் கிளையோ வேறு கிளையோடு சேர்ந்துபோய்விட்டிருந்தது. அந்தக் கையெழுத்துக்கு மட்டும் மூன்று வாரம். அதுவரை முழுப் பணமும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-ம் 30-ம் கையெழுத்தான அன்று மிச்சத்தைக் கொடுத்தேன். மூன்றெழுத்துப் பழைய நம்பர் வண்டி வாங்குகிறவர்கள், அதன் விவரம் அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் ஏறியிருக்கிறதா என்று அட்வான்ஸுக்கு முன்னாலேயே பாருங்கள். ஏறாவிட்டால் அது தனி அலைச்சல்.

ரினீவல் ஆன வண்டியா என்பதும் இப்போது விலையில் சேரும் கணக்கு. காருக்கும் ஜீப்புக்கும் 600 ரூபாயாக இருந்த ஆர்சி புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டின வண்டிகளுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். காலாவதியான ஆர்சி என்றால் மேலே அபராதமும் பாக்கி வரியும் வரும்.

அவர் சொன்ன விலை மூன்று அறுபது. நான் குறித்து வைத்திருந்த காகிதத்தை நீட்டினேன்: கியர்பாக்ஸ், கிங் பின், ஜாயிண்ட் கிராஸ், நக்கிள் சீல், ரேடியேட்டர், டயர் நான்கு. பேரம் பேசத் தெரியாத எனக்கு அந்தக் காகிதமே பேசியது. மூன்று பதினைந்துக்கு முடிந்தது. பிறகு ஆன செலவு எழுபத்தெட்டாயிரம். டயர் போக மிச்சத்தில் பாதிக்கு மேல் கியர்பாக்ஸ்தான் தின்றது. சில சாமான்களுக்காக சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு நாள் அலைந்தேன். வண்டி விலையில் கால் பங்கைத் தனியாக எடுத்து வைக்காமல் இந்த ஆசைக்குள் இறங்க வேண்டாம். பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. பாய் அடிக்க விடமாட்டேன் என்கிறார். ஒரு மழைக்காலம் ஓடட்டும், எங்கே துரு எட்டிப்பார்க்கிறது என்று பார்த்துவிட்டு அடிக்கலாம் என்கிறார்.

போன ஆடிக் கிருத்திகைக்கு அம்மாவை வள்ளிமலைக்குக் கூட்டிப்போனேன். ஜீப்பில் ஏற, கடையில் நான் உட்கார்ந்து காயில் சுற்றும் முக்காலியை எடுத்து வந்து போட்டேன். ஒரு கை என் தோள், ஒரு கை கம்பி, ஏறி உட்கார்ந்துவிட்டாள். திருவலம் வரும் வரை எதுவும் பேசவில்லை. அப்புறம், "சத்தம் ஜாஸ்தியாதான் இருக்கு," என்றாள். முக்காலி அதிலிருந்து வண்டியிலேயே கிடக்கிறது. கடைக்கு வேறு வாங்கிக்கொண்டேன்.